சிவப்புக்கும் கறுப்புக்கும் ஒரே தலையெழுத்து

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் எங்கள் கல்லூரியில் மட்டுமல்ல, எங்கே போனாலும் அதுதான் சட்டம். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பினோம். வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். நீல ரப்பர் செருப்பு என்றால் நான். பழுப்புத் தோல் செருப்பு என்றால் அவள். இரண்டு ஜோடியும் சேர்ந்து கிடந்தால் உள்ளே சண்டை என்று அர்த்தம். கணிதத் துறையில் ஆராய்ச்சி செய்தது நாங்கள் இரண்டு பேர். எங்களுக்கென்று இருந்ததோ ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

அவள் புதுச்சேரி டவுன்காரி. அப்பாவும் அண்ணன்களும் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை வைத்திருந்தார்கள். முக்காடு நழுவாமலே கத்திச் சண்டை போடத் தெரிந்தவள். நான் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் நெல் விளைகிற வீட்டிலிருந்து வந்து பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தேன். காலை நேரம் எனக்கு, மத்தியானத்துக்கு மேல் அவளுக்கு என்று ஏற்பாடு. கரண்ட் போனால் ஏற்பாடு குலையும். புதுச்சேரியில் கரண்ட் போகாத நாள் எது?

அவள் ஆராய்ந்தது வரிசைகளை. ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க நிற்கிற கூட்டம் எப்போது நீளும், எப்போது குறையும் என்ற கணக்கு. நான் ஆராய்ந்தது இனங்களை. ஊரில் யாராவது கேட்டால் சொல்ல ஒரு சுலபமான வழி வைத்திருந்தேன். ஒரு பூச்சி இருக்கிறது. சாவதற்கு முன் அது எத்தனை குஞ்சு பொரிக்கும் என்பது அதிர்ஷ்டம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம், ஒன்று, இரண்டு, மூன்று என்றும் வரலாம். பகடை போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு குஞ்சும் வளர்ந்து தன் பகடையைத் தானே போடும். சராசரியாக ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் அந்த இனம் நிலைத்து நிற்கும் என்றுதானே தோன்றும்? நிற்காது. எத்தனை பூச்சியோடு தொடங்கினாலும் ஒருநாள் அழிந்தே தீரும்.

எம்.எஸ்ஸி. வகுப்பில் இதைக் கரும்பலகையில் நிரூபித்துக் காட்டிய அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பிறகு எப்படி அழியும்? நிரூபணத்தில் ஓட்டை ஏதும் இல்லை. வரிக்கு வரி புரிந்தது. ஆனாலும் நம்ப முடியவில்லை. பாடப்புத்தகத்தில் இதற்குக் கொடுத்திருந்த முதல் உதாரணம் குடும்பப் பெயர். ஒரு குடும்பத்தில் மகன்கள் இல்லாமல் போனால் பெயர் அழியும், அந்தக் கணக்கிலிருந்துதான் இந்தத் துறையே பிறந்ததாம். வகுப்பில் அத்தனை பேரும் சிரித்தோம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல், அது தலைமுறைக்குத் தலைமுறை செத்துச் செத்துப் பிழைக்கிற சமாச்சாரம். சிரிக்காமல் இருந்தது, கொள்ளுத்தாத்தா காலத்திலேயே பிரெஞ்சு முறைப்படி குடும்பப் பெயர் பதிந்துகொண்ட வீட்டிலிருந்து வந்த ஒரு வகுப்புத் தோழி மட்டும். அவள் வீட்டில் மூன்றும் பெண்.

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஓரினம் தனியாக இருந்தாலே இந்தக் கதி. இரண்டு இனங்கள் ஒரே இடத்தில், ஒரே இரைக்காக முட்டிக்கொண்டு வாழ்ந்தால்? இரண்டும் நெடுங்காலம் சேர்ந்து பிழைக்க வழி உண்டா? இதுதான் என் ஆராய்ச்சி. ஓர் இனத்துக்குச் சிவப்பு என்றும் இன்னொன்றுக்குக் கறுப்பு என்றும் பெயர் வைத்தேன், கையில் இருந்த பேனாக்கள் அந்த நிறம் என்பதால். நான் எழுதிய ப்ரோக்ராம் தலைமுறை தலைமுறையாகப் பகடை உருட்டி, எத்தனை சிவப்பு, எத்தனை கறுப்பு என்று ஓரத்தில் ஓட்டை போட்ட நீளநீளமான தாளில் கறகறவென்று அச்சடித்துத் தரும். அதைப் பார்த்து கிராஃப் தாளில் கையால் கோடு போடுவேன்.

"இன்னைக்கு யாரு செத்தா?" என்று கேட்டுக்கொண்டேதான் அவள் மத்தியானம் உள்ளே வருவாள். "சிவப்பு போயிடுச்சு" என்பேன், அல்லது "கறுப்பு." ஒருமுறை டீ கொண்டுவந்த கேன்டீன் அம்மா இதைக் கேட்டுவிட்டு, டம்ளரை வைத்துவிட்டுத் துக்கம் விசாரித்தார்.

மூன்றாம் வருஷம் நான் ப்ரோக்ராமைத் திருத்தி எழுதினேன். அதற்குப் பிறகு யாரும் சாகவில்லை. ஆயிரம் தலைமுறை ஓட்டினாலும் சிவப்பும் இருந்தது, கறுப்பும் இருந்தது. அதைவிட அதிசயம், இரண்டு கோடும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின, ஒரே வண்டியில் பூட்டிய மாடுகள் மாதிரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டி போடுகிற இனங்கள் ஒன்றோடொன்று இசைந்து போகின்றன, அதனால்தான் பிழைக்கின்றன என்று பத்துப் பக்கம் எழுதினேன். அந்தப் பத்துப் பக்கத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகும்.

எங்கள் இருவருக்கும் வழிகாட்டி ஒரே பேராசிரியர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், அதிகம் பேசமாட்டார். ரொம்பத் திருப்தி என்றால் "வொலா" என்பார், அவ்வளவுதான். அவர் மேஜையில் ஒரு தடித்த புத்தகம் எப்போதும் இருக்கும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வெறும் எண்கள், எந்த ஒழுங்கும் இல்லாமல். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பகடைக்குப் பதிலாக அதைத்தான் பயன்படுத்துவார்களாம். "இதைவிட யோக்கியமான புத்தகம் கிடையாதும்மா. யாருக்காகவும் ஒரு எண்ணை மாத்தாது" என்பார். என் கிராஃபைப் பார்த்து அன்று இரண்டு முறை "வொலா" என்றார்.

சரியாக அந்தச் சமயத்தில்தான் கடிதம் வந்தது. எங்கள் இருவருடைய உதவித்தொகையும் மார்ச்சோடு முடிகிறது. துறையிலிருந்து ஒரே ஒருவருக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கலாம். நீட்டிப்பு கிடைக்காதவருக்கு விடுதி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. எனக்கு அதற்கு அர்த்தம், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், அப்பா பார்த்து வைத்திருக்கிற வரன்களுக்கு ஆய்வேட்டைப் பற்றி விளக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. என் செமினாரையும் அவளுடைய அத்தியாயத்தையும் பார்த்து முடிவு செய்வதாகப் பேராசிரியர் சொன்னார். அவள் அத்தியாயத்தை அவர் ஏற்கெனவே படித்து, சரி என்று கையெழுத்தும் போட்டிருந்தார். என் செமினாருக்குப் பதினேழு நாள் இருந்தது.

நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் யார் செத்தா என்று அவள் கேட்பது நின்றுபோனது.

ஒரு வாரமாக அவள் கல்லூரிப் பக்கமே வரவில்லை. கோரிமேட்டுப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அத்தியாயத்தை முடித்தபிறகு, தன் கணக்கு நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஆசை வந்திருக்கிறது. சீட்டுக் கொடுக்கிற இரண்டு ஜன்னல்களுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, விழுப்புரம் பஸ், கடலூர் பஸ் என்று வந்து இறங்குகிற ஜனங்களை நிமிஷத்துக்கு நிமிஷம் எண்ணி நோட்டில் குறித்திருக்கிறாள்.

எட்டாம் நாள் காலை, என் நேரத்தில், உள்ளே வந்தாள்.

"ஒன்னு சொல்லணும். கோச்சுக்காதே" என்றாள். "என் ப்ரோக்ராம்ல முதல் ஜன்னலுக்கு ஏழு பேர் வந்தா ரெண்டாவதுக்கும் ஏழு பேர் வர்றாங்க. இதுக்கு ரெண்டுன்னா அதுக்கும் ரெண்டு. நெசத்துல அப்படி ஜோடி ஜோடியா யாருடி வர்றா? கல்யாண ஊர்வலமா?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"பகடை போடுற பகுதி உன்னோடது. உன் ப்ளாப்பியிலேருந்துதான் எடுத்துக்கிட்டேன். எனக்குத் தப்பா வருதுன்னா உனக்கும் தப்பாத்தான் வந்திருக்கும்."

எனக்குச் சுரீர் என்றது. செமினாருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரே இடத்துக்குப் போட்டியாக நிற்கிறவள் வந்து உன் வேலை தப்பு என்கிறாள். வேறென்ன நினைப்பேன்? "உன் வேலை முடிஞ்சுது, கையெழுத்தும் வாங்கிட்ட. இப்ப என்னுதைக் கவுக்கணும், அவ்ளோதானே?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கடைக்காரி புத்தி என்றுகூடச் சொன்னேன். அவள் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அந்தத் தோல் செருப்பு நடையில் சரசரவென்று போன சத்தம் நன்றாகக் கேட்டது.

அவள் போனபிறகு ப்ரோக்ராமைத் திறந்து பார்த்தேன். தப்பைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

கம்ப்யூட்டருக்குக் கை கிடையாது, பகடை உருட்டத் தெரியாது. அதனிடம் இருப்பது பெரிய எண் வரிசை ஒன்று. அந்த வரிசையில் எந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்குவது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துத் தீர்மானிக்கச் சொல்லுவோம். இந்த நொடி மணி என்னவோ, அதுதான் தொடங்குகிற இடம். ப்ரோக்ராமின் தலையில் ஒரே ஒருமுறை பார்த்தால் போதும். நான் திருத்தி எழுதியபோது, கெட்டிக்காரத்தனமாக, பகடை போடும் பகுதிக்குள்ளேயே அந்த வரியை வைத்திருந்தேன். ஆகவே சிவப்பின் முறை வரும்போதும் கடிகாரத்தைப் பார்க்கும், கறுப்பின் முறை வரும்போதும் பார்க்கும். இரண்டு பார்வைக்கும் நடுவில் ஒரு நொடிகூடக் கழிந்திருக்காது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து ஒரே எண்களைப் படித்தன. சிவப்புக்கு நல்ல காலம் என்றால் அதே கணத்தில் கறுப்புக்கும் நல்ல காலம். பஞ்சம் வந்தாலும் சேர்ந்தே வந்தது. இரண்டும் குறைந்தால் இரை மிஞ்சும், மறுபடி சேர்ந்தே தேறும். ஒன்று இன்னொன்றை முந்தவே வழியில்லை. நான் பத்துப் பக்கம் எழுதிய இசைவு என்பது இதுதான். இரண்டுக்கும் ஒரே தலையெழுத்து.

அந்த வரியை வெட்டி மேலே ஒட்டிவிட்டு ஓட்டினேன். முப்பத்தோராம் தலைமுறையில் கறுப்பு செத்தது. மறுபடி ஓட்டினேன். சிவப்பு செத்தது. விடுதியில் சாயங்கால வருகைப் பதிவு எடுக்கும்வரை ஓட்டினேன். ஒருமுறைகூட இரண்டும் சேர்ந்து பிழைக்கவில்லை.

இதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பழைய கிராஃபை வைத்துக்கொண்டே செமினாருக்குப் பேசிப் பழகினேன். ப்ரோக்ராமை யார் வரிக்கு வரி படிக்கப் போகிறார்கள்? தெரிந்தவள் ஒருத்திதான், அவள் சொன்னால் பொறாமை என்று சொல்லிவிடலாம் என்றெல்லாம் யோசித்தேன். என் மனசாட்சி உறுத்தி மாறினேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. மூன்றாம் நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது, கறுப்பு ஏன் அத்தனை சீக்கிரம் செத்தது என்று யோசிக்க ஆரம்பித்தேன். கொஞ்சம் இடம் மாறிப் போயிருந்தால் பிழைத்திருக்குமா? யாரிடமாவது கேட்க வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் உறைத்தது. பழைய கிராஃபோடு மேடை ஏறினால் இந்தக் கேள்வியை நான் ஆயுசுக்கும் யாரிடமும் கேட்க முடியாது. என் சொந்தக் கேள்விக்கு நானே வாய்ப்பூட்டு போட்டுக்கொண்டவளாகிவிடுவேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். என் ப்ரோக்ராமில் பிழை, அதை எழுதியது நான், முடிவைத் திரும்பப் பெறுகிறேன். பேராசிரியர் அறையில் அவர் இல்லாத நேரம் பார்த்து மேஜையில் வைத்துவிட்டு ஓடிவந்தேன்.

மறுநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். அறை வாசலில் அவள் செருப்பு கிடந்தது. அந்த அறைக்குச் செருப்பைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை, பழக்கதோஷம். நானும் கழற்றிவிட்டுப் போய் அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றேன். முகம் பார்க்கவில்லை.

அவர் முன்னால் இரண்டு கடிதங்கள் இருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் என்னுடையதைப் படித்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார். தேதியையும் சேர்த்துப் படித்தார். என்னிடம் அவள் வந்து சொன்னாளே, அதற்கு முந்தின நாள் தேதி. "என் அத்தியாயத்தில் பயன்படுத்திய எண் உருவாக்கும் பகுதியில் பிழை இருக்கிறது. அந்தப் பகுதிக்கு நானே பொறுப்பு. அத்தியாயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். என் பெயர் எங்கேயும் இல்லை.

கையெழுத்து வாங்கிய அத்தியாயம். கேள்வி கேட்க ஆளே இல்லாத அத்தியாயம். அதைத் தானே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் அன்று காலை என்னிடம் வந்திருக்கிறாள். அவளைத்தான் நான் கடைக்காரி புத்தி என்று சொன்னேன். தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே தப்புக்குச் சொந்தம் கொண்டாடுறீங்க" என்றார் அவர். "முப்பது வருஷத்துல இங்க யாரும் தப்புக்குப் போட்டி போட்டு நான் பார்த்ததில்லை." கோபமா, கேலியா என்று தெரியவில்லை. "இப்ப ரெண்டு பேர் கிட்டயும் முடிவுன்னு ஒன்னும் இல்லை. ஒருத்தரைச் சிபாரிசு பண்ணியாகணும். யாரைப் பண்ணுறது?"

அவர் அந்த எண் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தார். அவளைப் பக்கம் சொல்லச் சொன்னார். என்னை வரிசை சொல்லச் சொன்னார். அந்த இடத்தில் முதல் எண் ஒற்றைப்படை என்றால் எனக்கு, இரட்டைப்படை என்றால் அவளுக்கு. விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பினார்.

நான்கு.

இன்றைக்கும் எனக்கு நான்கைப் பிடிக்காது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கண்ணீர் கண்ணை மறைத்து, அவளுடைய செருப்பில் காலை விட்டேன். மூன்று வருஷம் ஒரே கம்ப்யூட்டர், ஒரே வழிகாட்டி, கடைசியில் ஒரே தப்பு. அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்கள் இருவருக்கும் வேறுவேறு தலையெழுத்து விழுந்தது.

நடையிலேயே அவளைப் பிடித்துக் கேட்டேன். "என்னைப் பத்தி ஏன் சொல்லல?"

"நீ எழுதுன வரியை நான்தானே என் கையால எடுத்து ஒட்டுனேன்? படிச்சுப் பார்க்காம ஒட்டுனேன். அது என் தப்பு. உன்னுது நீ சொல்ல வேண்டியது" என்றாள். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவள் கையை ஆட்டி நிறுத்திவிட்டாள். "வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பாவும் அண்ணனுங்களும் தொழுகைக்குப் போயிடுவாங்க. கடையில பில்லு போடுற கம்ப்யூட்டர் சும்மாதான் இருக்கும். வர்றதுன்னா வா."

இரண்டு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வெட்கமும் ரோஷமும் ஒன்றாகச் சேர்ந்தால் கால் நகராது. விடுதியைக் காலிசெய்துவிட்டு, முத்தியால்பேட்டையில் தெரிந்தவர் வீட்டு மாடியில் தங்கி, காலையும் மாலையும் கல்லூரிப் பெண்களுக்கு ட்யூஷன் எடுத்தேன். மத்தியானங்கள் நீளமாக இருந்தன. கறுப்பு ஏன் செத்தது என்ற கேள்வி அப்படியே இருந்தது. கடைசியில் ரோஷத்தைவிட அதுதான் பெரிதாகப் போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை, பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து கடைக்குள் போனேன். செருப்பைக் கழற்றப் போனவளைப் பார்த்து அவள் சிரித்தாள். "இங்க எல்லாம் ஆணிடீ. போட்டுக்க."

கம்ப்யூட்டருக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு அளவு ஸ்க்ரூ. பித்தளை தனி, இரும்பு தனி என்று எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் எந்த அறையை இழுத்தாலும் பக்கத்து அறையிலிருந்து தவறி விழுந்தது நாலைந்து கலந்து கிடந்தது. "ஒன்னு காலியானா இதெல்லாம்தான் ஒப்பேத்தும்" என்றாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் சிவப்பையும் கறுப்பையும் நான் எப்போதும் ஒரே அறையில் போட்டுத்தான் அடைத்து வைத்திருந்தேன்.

அன்றே எழுத ஆரம்பித்தேன். ஒரு பெரிய இடத்துக்குப் பதில் முப்பது சின்ன இடங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் பேர் பக்கத்து இடத்துக்கு நகரலாம். எழுதி முடிக்க ஏழெட்டு வெள்ளிக்கிழமை ஆயிற்று. ஓட்டியபோது சாவு ஒன்றும் குறையவில்லை. இந்த இடத்தில் சிவப்பு அழிந்தது, அந்த இடத்தில் கறுப்பு அழிந்தது, சில இடங்களில் இரண்டுமே இல்லை. ஆனால் காலியான இடத்துக்குப் பக்கத்திலிருந்து யாராவது வந்து சேர்ந்தார்கள். ஒரு கோடு ஏறும்போது மற்றது இறங்கியது. இழுபறியாக, கோணல்மாணலாக, இரண்டும் போய்க்கொண்டே இருந்தன. எந்த இடமும் யாருக்கும் நிச்சயமில்லை. மொத்தத்தில் மட்டும் இரண்டும் இருந்தன. நூறு தலைமுறை, ஐந்நூறு, ஆயிரம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடவே பயமும் வந்தது, ஏற்கெனவே ஒருமுறை இப்படிச் சந்தோஷப்பட்டவள்தானே நான்.

அவளைக் கூப்பிட்டேன். கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கிராஃபைப் பார்க்கவில்லை. நேராக ப்ரோக்ராமைத் திறந்து, வரிவரியாக விரலை வைத்துக் கீழே இறங்கினாள்.

"கடிகாரத்தை எத்தனை தடவை பார்க்குது?"

"ஒரே தடவை."

"எங்க?"

காட்டினேன். இன்னொருமுறை மேலிருந்து கீழே படித்துப் பார்த்தாள். வெளியே தெருவில் தொழுகை முடிந்து ஆட்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அவள் அண்ணன் ஷட்டரைத் தூக்குவார், கம்ப்யூட்டர் மறுபடி பில் போடப் போய்விடும். அவள் ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"சரி, இன்னைக்கு யாரு செத்தா?"

"இன்னும் யாரும் சாகலடீ" என்றேன்.